கையைப் பார்த்துப் பாடினவர்கள்

நேற்று மாலை ஏழு பத்துக்குத் தொலைக்காட்சியைப் போட்டதும் முதலில் தெரிந்தவை உயர்ந்து நின்ற ஒரு பெண்ணின் கைகள். ஐரோப்பிய ஓபரா அரங்கு ஒன்றில் பெரிய இசைக்குழுவை அவர் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் இறங்கும்வரை வயலின்காரர்கள் மூச்சைப் பிடித்திருந்தார்கள்.

ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்த எஸ்தர் டீச்சர் வந்தபோது, அப்பா உட்பட ஆண்கள் யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை. ஆர்மோனியம் வாசித்த சாமுவேல் மாமா காலால் தாளம் தட்டுவார். அந்தக் காலைப் பார்த்தே பாடினார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று பாட்டு பிரிந்தது. அறுப்புப் பண்டிகையிலும் இப்படியானால் குழுவை மாமாவிடம் கொடுத்துவிடுவதாகப் போதகர் சொல்லிவிட்டார்.

அறுபத்தேழில் கழகம் ஆட்சிக்கு வந்த புதிது. கூலி உயர்வு கேட்டுக் குறுவை அறுவடை நின்றிருந்தது. அப்பா விவசாயத் தொழிலாளர் சங்க ஊர்வலத்திலிருந்து நேராக ஒத்திகைக்கு வந்தார்.

“கோஷம் போட்டுத் தொண்டை கட்டிக்கிச்சு டீச்சர்.”

“அங்க மட்டும் எல்லாரும் எப்படி ஒண்ணா கத்துறீங்க?”

“தலைவர் கையைத் தூக்குவாரு. அதையே பாத்துக்கிட்டிருப்போம்.”

“இங்க தூக்குறது என் கை. சாமுவேல் அண்ணே, பெட்டிய மூடிட்டு நீங்களும் வந்து பாடுங்க.”

“டீச்சரும் சங்கத்துல சேந்துட்டாங்கப்பா” என்று பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

பண்டிகையன்று ஆர்மோனியம் மூடியே இருந்தது. ஆண்கள் டீச்சரின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லாக் குரல்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாக நின்றன.

ஆராதனை முடிந்ததும் போதகர் இறங்கி வந்து, டீச்சரைத் தாண்டிப் போய், சாமுவேல் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.