தட்டியும் விடாத பிடி

பிளஸ்ஸிக்குப் பயம் வந்தால் முதலில் உள்ளங்கை நனையும். ஜூடோ ஆடுகிறவளுக்கு அதைவிடத் தொந்தரவு வேறில்லை. எதிராளியின் உடுப்பைப் பிடித்தால் வழுக்கும். மாநிலப் போட்டிகளில் வரிசையாக ஜெயித்த காலத்திலும் சரி, தேசியப் பதக்கம் வாங்கிய காலத்திலும் சரி, பெயரைக் கூப்பிடுகிறவரை இரண்டு கைகளையும் துண்டில் துடைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்கள் அதை அவளுடைய ராசி என்று நினைத்துக்கொண்டார்கள்.

தேங்காப்பட்டணத்துக்குப் பக்கத்தில், ஆறு கடலில் விழுகிற பொழியை ஒட்டி அவள் ஊர். ஒக்கிப் புயலுக்கு முன்னால் ஆழ்கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பிளஸ்ஸி அப்போது பத்தாம் வகுப்பு. வீட்டில் மிஞ்சியவர்கள் அம்மா பிலோமினாவும் அண்ணன் கிளீட்டஸும் அவளும்தான். அதற்கப்புறம் காற்று கொஞ்சம் இரைந்தாலே அம்மா வாசலுக்கு வந்து நின்றுவிடுவாள். கிளீட்டஸின் வள்ளம் கரை ஏறும்வரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஜூடோவுக்குப் பெண் பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டபோது, பிளஸ்ஸியைப் பெயர் கொடுக்கச் சொன்னதே கிளீட்டஸ்தான்.

“வீட்டுல கெடந்து அம்மைக்க மொகத்தயே பாத்துட்டு இருக்கியதுக்கு, போயி நாலு பேரத் தூக்கிப் போடு மக்கா” என்றான்.

அவள் போனாள். தூக்கிப் போடவும் செய்தாள். தோள் அகலம், வலை இழுத்துப் பழகிய கை. ஆனால் அவளுடைய உண்மையான திறமை தரையில்தான் தெரிந்தது. எதிராளி விழுந்த மறுகணம் முதுகுப் பக்கம் போய், உடுப்பின் கழுத்துப் பட்டியாலேயே தொண்டையை இறுக்கிவிடுவாள். கழுத்துப் பிடி விழுந்தால் எதிராளி கையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். பிடித்தவள் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இந்த விளையாட்டில் யாரும் சாகாமல் இருப்பதே அந்தத் தட்டை நம்பித்தான்.

கல்லூரிப் போட்டி ஒன்றுக்குத் திருச்சிக்குப் போயிருந்தபோது, இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தவள் அஞ்சுகிராமத்து அபிதா. ஒரே மாவட்டம், முன்பே பழக்கம். பிளஸ்ஸியின் பிடி சரியாக விழுந்தது. அபிதா தட்டுவாள் என்று இறுக்கினாள். அபிதா தட்டவில்லை. எப்படியும் கழன்றுவிடலாம் என்று பிடிவாதமாக நெளிந்துகொண்டிருந்தவள், திடீரென்று நெளிவதை நிறுத்தினாள். உடம்பு ஈரச் சாக்குபோல் கனத்தது. பிளஸ்ஸி கையை எடுத்தபோது அபிதாவின் கண் பாதி திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. கால் மட்டும் தனியாகத் துடித்தது.

மேலே இருக்கையிலிருந்து ஒரு குரல் அரங்கத்தையே கிழித்தது. “எம் பிள்ளயக் கொன்னுட்டாளே!”

அபிதாவின் அம்மா. ரத்தம் தலைக்குத் திரும்ப, நடுவர் குனிந்து அபிதாவின் காலைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அபிதா கண்ணைத் திறந்து, “இன்னும் ஆட்டம் தொடங்கல்லியா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டபோது பிளஸ்ஸியால் சிரிக்க முடியவில்லை. அந்த அரைக் கண்ணும் அந்தக் குரலும் அவளோடு ரயிலேறி வந்தன.

அன்றிலிருந்து அவளுடைய கழுத்துப் பிடி செத்துவிட்டது. போய் மாட்டுவாள், இறுக்க வேண்டிய நேரத்தில் கை தானாகத் தளரும். தேசிய அரையிறுதி ஒன்றை அப்படித்தான் விட்டாள். பயிற்சியாளர் திட்டினார். தோள் வலி என்று பொய் சொன்னாள். தன் கையைக் கண்டே பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

கண்டுபிடித்தவள் ஜஸீனா. தேங்காப்பட்டணத்துக்காரி, பிளஸ்ஸி வயதுதான். வாப்பா ஷார்ஜாவில் வேலை பார்த்ததால் அங்கே பள்ளிக்கூடத்திலேயே ஜியு-ஜிட்சு படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். நாகர்கோவிலில் ஒரு பயிற்சிக் கூடத்தில் இருவரும் சேர்ந்து பழகினார்கள். ஜூடோவில் எறிவது பெரிது. ஜியு-ஜிட்சுவில் விழுந்தபிறகுதான் சண்டையே. பிளஸ்ஸிக்கு அது உடனே பிடிபட்டது, கழுத்தைத் தவிர.

“நீ எனக்க கழுத்துல கை வச்சா எனக்குத் தெரியும் கேட்டியா” என்றாள் ஜஸீனா ஒருநாள். “உனக்க கை வெறைக்கி. ஏட்டி, நான் தட்டாம விடாத. தட்டினா விடு. அவ்வளவுதான் சங்கதி.”

“தட்டாம உறங்கிட்டா?”

“உறங்கினா எழும்புவேன்.”

“எழும்பல்லன்னா?”

அதன்பிறகு ஜஸீனா வற்புறுத்தவில்லை. பிளஸ்ஸி கழுத்தை விட்டுவிட்டு எதிராளியின் முழங்கையைப் பூட்டியே ஆட்டங்களை ஜெயித்தாள். ஜியு-ஜிட்சுவில் தேசிய வெள்ளி வந்தது. ஆசியப் போட்டிக்கான தேர்வுக்கும் பெயர் வந்தது.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஆனி மாதம், அவள் வீட்டில் இருந்தாள். கடல் சரியில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு சிஜினைக் கூட்டிக்கொண்டு கிளீட்டஸ் விடியலிலேயே போயிருந்தான். வெயில் ஏறிய பிறகு அம்மாவும் பிளஸ்ஸியும் மீன் எடுக்கக் கரைக்கு வந்தார்கள். வள்ளம் தூரத்தில் தெரிந்தது. பொழிக்குள் நுழைய நல்ல அலை பார்த்து வெளியே காத்து நின்றது.

“வராண்டாம்னு சொல்லு, வராண்டாம்னு சொல்லு” என்று அம்மா முணுமுணுத்தாள், அங்கே கேட்கப்போவதுபோல.

வள்ளம் பொழியை நோக்கித் திரும்பியது. பாதி வந்தபோது பின்னாலிருந்து எழுந்த அலை அதன் பின்பக்கத்தைத் தூக்கி அப்படியே குப்புறக் கவிழ்த்தது. சிஜின் வெளியே வந்து வள்ளத்தின் அடியைப் பற்றிக்கொண்டான். கிளீட்டஸ் வெகுநேரம் மேலே வரவில்லை. வந்தபோது நெற்றியில் ரத்தம் இருந்தது. இயந்திரம் தலையில் இடித்திருக்க வேண்டும். மீன்போல நீந்துகிறவன், நீந்தத் தெரியாத பிள்ளைபோல் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தான். நீரோட்டம் அவனை, அலையைத் தடுக்கக் கொட்டியிருந்த தூண்டில் வளைவின் பாறைகளை நோக்கி இழுத்தது.

பிளஸ்ஸி கரையில் கிடந்த மண்ணெண்ணெய் தீர்ந்த ஒரு பிளாஸ்டிக் கன்னாஸைத் தூக்கி, அதன் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பாறைகள்மேல் ஓடினாள். அம்மா பின்னால் கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிளஸ்ஸிக்கு இன்றுவரை தெரியாது. குதித்துவிட்டாள்.

பக்கத்தில் போனதும் கிளீட்டஸ் அவளைப் பிடித்தான். அவன் கண்ணுக்கு அவள் தங்கையாகத் தெரியவில்லை. ஏறி நிற்க ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். அவள் தலையை அமுக்கி மேலே ஏறினான். இருவரும் மூழ்கினார்கள். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. எத்தனையோ பேரை எறிந்தவள்தான். தண்ணீருக்குள் எறிய இடமில்லை. அவனுடைய விரல்கள் அவள் முடிக்குள் பூட்டிக்கிடந்தன. மேலே வந்தார்கள், பாதி மூச்சு எடுத்தாள், மறுபடியும் மூழ்கினார்கள். அடுத்த முறை மேலே வரமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

உடம்பு தானாகவே திரும்பியது. அவன் அக்குளுக்கு அடியில் புகுந்து முதுகுப் பக்கம் போனாள். முழங்கை மடிப்பு அவன் தொண்டைக்கு நேரே வந்தது. மறு கை தலைக்குப் பின்னால் போனது. வருடக்கணக்காகத் தளர்ந்துபோயிருந்த அந்தப் பிடியை, அண்ணன் கழுத்தில் இறுக்கினாள்.

அப்போது அவன் கை அவள் கைமேல் தட்டியது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

அவள் விடவில்லை.

அவன் உடம்பு கனத்தது. விரல்கள் முடியிலிருந்து கழன்றன. அவள் உடனே கையைத் தளர்த்தி, அவனை மல்லாக்கப் புரட்டி, கன்னாஸை அவன் தோளுக்கடியில் செருகினாள். முகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது.

“அண்ணா” என்று கூப்பிட்டாள். “அண்ணா, எழும்பு.”

மூச்சு வருகிறதா என்று பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு அலையும் அவன் முகத்தின்மேல் ஏறி இறங்கியது. ஒரு கையால் நீந்தியபடி, தான் இழுத்துப்போவது பிணமோ என்று நினைத்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தாள். அப்பாவைக் கடல் எடுத்தது, அண்ணனை நான் எடுத்தேன் என்றா?

கரையிலிருந்து பாய்ந்த ஆட்கள் கயிறு வீசி இருவரையும் இழுத்தார்கள். சிஜினை இன்னொரு வள்ளம் எடுத்தது. மணலில் கிடத்தி ஒருவர் கிளீட்டஸின் வாயில் ஊதினார், நெஞ்சை அமுக்கினார். கூட்டம் மூடிக்கொண்டது. பிளஸ்ஸி கிட்டே போகவில்லை. ஈர மணலில் உட்கார்ந்து, தன் வலது முழங்கையை இடது கையால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள், யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல். இருமல் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் கக்கும் சத்தம். அம்மா மாதாவைக் கூப்பிட்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் பிளஸ்ஸி முழங்கையிலிருந்து கையை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிளீட்டஸின் கழுத்தைப் பார்த்துவிட்டு, “இது என்ன தடம்?” என்று கேட்டார். பிளஸ்ஸி உள்ளதைச் சொன்னாள். “நல்ல காலம், சீக்கிரம் விட்டுட்டீங்க. இன்னும் கொஞ்சம் பிடிச்சிருந்தா கதை வேற” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்த ‘இன்னும் கொஞ்சம்’ அவளைப் பல நாள் தூங்கவிடவில்லை.

ஊரில் பாதிப்பேர் அவளைக் கும்பிட்டார்கள். மீதிப்பேர் குரலைத் தாழ்த்தி, “சொந்த அண்ணனுக்க கழுத்தயாக்கும் நெரிச்சா” என்றார்கள். அவள் கடைக்குப் போனால் பேச்சு நிற்கும்.

கிளீட்டஸுக்குப் பல நாள் குரல் கரகரத்தது. ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன், தலை நிமிராமல் கேட்டான்.

“நான் தட்டினேன், தெரியுமா?”

நினைவிருக்காது என்று அவள் நம்பியிருந்தாள்.

“தெரியும்.”

“பின்ன ஏன் விடல்ல?”

“விட்டா ரெண்டு பேரும் போயிருப்போம்ணா.”

அவன் தலையாட்டினான். இன்னும் இரண்டு வாய் குடித்தான். “எனக்குப் புரியுது மக்கா. நீ செய்தது செரிதான். ஆனா கொஞ்ச நாளைக்கு எனக்க பொறத்தால வந்து நிக்காத. பேடியா இருக்கு.”

பயத்தைச் சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றான். அதற்கப்புறம் அவள் அவனிடம் ஏதாவது கொடுக்க வேண்டுமானால் சுற்றிப்போய் முன்னால் வந்துதான் கொடுத்தாள்.

தேர்வுக்குப் போகமாட்டேன் என்றாள். ஜஸீனாதான் வீட்டுக்கு வந்து, பையை எடுத்து, அவளை ரயிலில் ஏற்றினாள். கடைசி ஆட்டத்தில் மணிப்பூர்க்காரி ஒருத்தி முதுகைக் காட்டிவிட்டாள். பிளஸ்ஸியின் கை கழுத்துக்குப் போனது. உள்ளங்கை நனைந்துதான் இருந்தது, ஆனால் பிடி தளரவில்லை. அந்தப் பெண் தட்டினாள். முதல் தட்டு முடிவதற்குள் பிளஸ்ஸி கையை எடுத்துவிட்டாள். நடுவர் பிளஸ்ஸியின் கையைத் தூக்கியபோதும், அந்தப் பெண் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறாளா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினாள். தேங்காப்பட்டணம் சந்திப்பில் அவளுக்குப் பெரிய பதாகை வைத்தார்கள். கடைக்காரர்கள் தாங்களாகவே பேசத் தொடங்கினார்கள்.

பயம் போகவில்லை. போகும் என்று இப்போது அவள் எதிர்பார்ப்பதும் இல்லை. அதைக் கூட்டிக்கொண்டுதான் ஆடுகிறாள்.

கார்த்திகையில் கிளீட்டஸ் மறுபடி கடலுக்குக் கிளம்பினான். புது இயந்திரம், பழைய வள்ளம், அதே சிஜின். அம்மா வீட்டுக்குள்ளேயே ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள். பிளஸ்ஸி மட்டும் பயிற்சிப் பையைத் தோளில் மாட்டியபடி கரைவரை போனாள். வள்ளம் பொழியில் முதல் அலையில் ஏறி, இறங்கி, இரண்டாவது அலையில் ஏறியது. பின்னால் சாலையில் நாகர்கோவில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டருக்கு அவளைத் தெரியும், கையசைத்துக் கூப்பிட்டார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வள்ளம் இன்னும் பொழியைத் தாண்டியிருக்கவில்லை. பஸ் போகட்டும் என்று நின்றாள்.