கஸ்பர் ஆடாத நான்கு வருடங்கள்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் கஸ்பரைத் தெரியாத தமிழர் குறைவு. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை, ஞாயிறு தோறும் ஐம்பதைத் தாண்டியவர்களின் கிரிக்கெட். அறுபத்தொரு வயதிலும் பந்து கையில் கிடைத்தால் அடுத்தவருக்குக் கொடுக்க மனம் வராது. முழங்கால் வலி என்று ஒருநாளும் சொல்லமாட்டார். புல் ஈரம் என்பார். மொத்தத்தில் சந்தோசமான மனிதர்.

அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க ஒரு சிறப்பு மலர் வந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் ஆடிய கிளப்புக்கு ஐம்பது வயது. லண்டன் கிளை மலர் போடுகிறது. நூறு விக்கெட் எடுத்தவர்களுக்குத் தனிப் பட்டியல். கஸ்பர் எடுத்தது எண்பத்தொன்பது. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நாலிலிருந்து நான்கு வருடம் அவர் பந்தையே தொடவில்லை. ஏன் என்று மலர்ப் பொறுப்பாளர் நிருஜன் கேட்டதற்கு, 'படிப்பு' என்று எழுதிக் கொடுத்திருந்தார். கஸ்பர் படித்தாராம்! அவருடைய வாத்திமார் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உண்மையில் ஆயுதம் ஏந்திய இயக்கத்துக்குப் போயிருந்தார். லண்டன் வந்தபின் அதைப்பற்றி வீட்டுக்கு வெளியே மூச்சு விட்டதில்லை.

அச்சுக்குப் போகும் நாளன்று மகள் கோசிகா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். விளையாட்டுப் புள்ளிவிவரம் சேர்க்கும் கம்பனியில் அவளுக்கு வேலை. அமெரிக்க பேஸ்போல் அவளுடைய பிரிவு.

"அப்பா, இது பொய்தானே? பேஸ்போல் ஆக்கள் எத்தினை பேர் யுத்தத்துக்குப் போய் நல்ல வயசிலை மூண்டு, நாலு சீசன் மிஸ் பண்ணியிருக்கினம். அந்த இடத்திலை மிலிட்டரி சேர்விஸ் எண்டு கிடக்கு. ஸ்கோர் ஏன் குறைஞ்சது எண்டு பாக்கிறவைக்கு விளங்கும்."

"அவையை அரசாங்கம் பாண்ட் வாத்தியம் அடிச்சு அனுப்பினது, பிள்ளை. நான் வீட்டிலை சொல்லாமல் போனனான்."

"அதுக்காக? பதினொரு விக்கெட் படிச்சதாலையோ குறைஞ்சது?"

கஸ்பருக்குச் சுருக்கென்றது. படிப்பு என்று அச்சாகிவிட்டால் அந்த நான்கு வருடமும் நடக்காமலே போய்விடும். அவற்றில் பெருமைப்பட அதிகமில்லை. ஆனாலும் அவருடைய வருடங்கள். நிருஜனுக்கு போன் அடித்தார்.

"தம்பி, படிப்பை வெட்டு."

"வேறை என்னெண்டு போட, அண்ணை? இயக்கம் எண்டு போட ஏலாது. கமிட்டி பயப்பிடும்."

"போனார் எண்டு போடு. எங்கடை ஆக்களுக்கு விளங்கும்."

அது சரிதான். அந்தக் காலத்தில் ஒரு பெடியனைப் பற்றி 'அவன் போயிட்டான்' என்றால் எங்கே என்று ஊரில் எவரும் கேட்டதில்லை.

நிருஜன் சிரித்தான். "அண்ணை, இப்ப அப்பிடிப் போட்டா செத்துப்போனியள் எண்டு சனம் மலர்வளையத்தோடை வந்திடும்."

"சரி, போய் வந்தார் எண்டு போடு," என்று கஸ்பரும் சிரித்தார். சொன்ன பிறகுதான் விக்கெட் கீப்பர் ஆரணனின் நினைவு வந்தது. சிரிப்பு நின்றது.

"ஆரணன்ரை பக்கத்திலை என்ன கிடக்கு?"

"எண்பத்து நாலுக்குப் பிறகு விபரம் இல்லை எண்டு, அண்ணை."

"விபரம் இருக்கு. நான் இயக்கத்துக்குப் போன அண்டைக்கு என்ரை சைக்கிளிலைதான் அவனும் வந்தவன். அவனுக்குப் போனார் எண்டு போடு."

நிருஜன் இரண்டையும் எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகு எண்பத்தொன்பது குறைவென்று கஸ்பருக்குத் தோன்றவேயில்லை. அதில் முப்பத்தொன்று, பின்னால் நின்று ஆரணன் பிடித்தவை.