மூன்றாவது வரி

எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட்டில் எனக்குப் பிசியோதெரபி கொடுத்த பெண் வங்காளி, என் மகள் வயதுதான் இருக்கும். முதுகில் டிஸ்க் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஒரு தாளைக் கொடுத்து, குணமாகி என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று மூன்று வரி எழுதச் சொன்னாள். போட் வந்து நிற்கும் ஜெட்டி வரை நடக்க வேண்டும், போட்டில் ஏறி எதிர்க்கரையில் இருக்கும் சாத்தம் போய்வர வேண்டும் என்று இரண்டு எழுதினேன். மூன்றாவதாக, பழையபடி சிமென்ட் மூட்டை தூக்க வேண்டும் என்றும் எழுதினேன். அவள் அதை அடித்துவிட்டுத் தானே எழுதினாள்: யாராவது தூக்கச் சொன்னால் முடியாது என்று சொல்ல வேண்டும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதுவும் ஒரு இலக்கா? இருபது வருஷமாகக் கொத்தனார் வேலை. முடியாது என்று சொன்ன ஆளை மறுநாள் யார் கூப்பிடுவார்கள்? ஆனால் அதே இடத்தில் டிஸ்க் மறுபடி விலகினால் கால் எழும்பாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்த வரியை அப்படியே விட்டேன்.

முதுகுக்குக் கொடுத்த பெல்ட்டைச் சட்டைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். எங்கே ஆளைக் காணோம் என்று கேட்டவர்களிடம் மெயின்லேண்ட் போயிருந்தேன் என்றேன். அது பொய் இல்லை, ஆபரேஷன் சென்னையில்தான் நடந்தது. வாரா வாரம் அந்தப் பெண் மூன்றாவது வரியைப் பற்றிக் கேட்பாள். செய்தாச்சு என்பேன், அவளும் டிக் போடுவாள். அதுதான் பொய்.

முதல்முறை போட்டில் போன அன்று, இடிபடக் கூடாதென்று அரை மணி முன்னாலேயே போய் முதல் ஆளாக ஏறினேன். எங்கள் போட்டில் முன்னால் ஏறியவர்தான் பின்னால் வருகிறவரின் சுமையைக் கை நீட்டி வாங்க வேண்டும். அது எப்படி மறந்துபோனதோ தெரியவில்லை. காய்கறி விற்கும் அம்மா ஒருத்தி ஜெட்டியிலிருந்து சாக்கை நீட்டினாள்.

"அண்ணா, ஜரா பக்டோ."

பிடி என்கிறாள். என் கை அதற்குள் சாக்கின் கழுத்தைப் பிடித்திருந்தது. பின்னால் வரிசை நிற்கிறது. பயத்தில் முதுகெல்லாம் வேர்த்தது. கையை எடுத்தேன்.

"நஹி ஹோகா, தீதி. முதுகில ஆபரேஷன்."

முடியாது, அக்கா என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு வெட்கமாக இருந்தது. அவள் சாக்கை அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டு, அக்குளில் இருந்த குடையை எடுத்து, அப்படியானால் இதைப் பிடி என்று என் கையில் கொடுத்தாள். சாத்தம் வரும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த முறை பிசியோதெரபிக்குப் போனபோது அந்தப் பெண் வழக்கம்போல் கேட்டாள். இதுவரை சொன்னதெல்லாம் பொய், இந்த வாரம்தான் செய்தேன் என்றேன். அவள் திட்டவில்லை. பழைய டிக்குகளை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாள். பெல்ட்டைச் சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.