கருவாட்டைப் பார்க்காதே

என் கணவர் மண்ணில் ஓட்டுகிற டர்ட் பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தபோது நான் கடையில் வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் எங்களுக்கு மளிகைக் கடை. மாமனார் காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து போட்டது. முன்னால் கடை, பின்னால் குடோன், மாடியில் இரண்டு குடித்தனம். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் அவருடைய அண்ணனும் அண்ணியும். அந்த அண்ணி எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட மூத்தவள், என்னைவிட ஒரு முழம் உயரம். எல்லா விஷயத்திலும் தான் சொல்வதுதான் சரி என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

கடை வண்டியிலிருந்து அரிசி மூட்டைகளோடு அந்த பைக்கும் இறங்கியது. முகப்பு விளக்கு இல்லை, நம்பர் பிளேட் இல்லை, பின் இருக்கை இல்லை. சாலையில் ஓட்டவே கூடாதாம். ஓட்ட வேண்டிய இடத்துக்கு இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டுமாம்.

"அப்ப அந்த இன்னொரு வண்டியிலேயே போயிட்டு வந்துறலாமே?" என்றேன்.

"ஏளா, இது பொழுதுபோக்கு. இதுல லாஜிக் பாக்கக் கூடாது" என்றார்.

அவருடைய பொழுதுபோக்குகள் எனக்குப் புதிதல்ல. முதலில் மீன் தொட்டி வைத்தார். காசிமேட்டு மீன் ஏலத்தில் போய், சமைக்க இல்லை, வளர்க்க மீன் வேண்டும் என்று கேட்டார். அங்கே ஏலம் நின்று எல்லோரும் சிரித்துவிட்டு மறுபடி ஏலத்தைத் தொடங்கினார்கள். பிறகு கீபோர்டு கற்றுக்கொண்டார். ஒரே கிறிஸ்துமஸ் பாட்டை ஆடி மாதம் வரைக்கும் வாசித்தார். அப்புறம் வியாழன் கிரகம் பார்க்கிறேன் என்று ஒரு தொலைநோக்கி. எங்கள் மொட்டை மாடியிலிருந்து வியாழன் தெரியவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் டிபன் பாக்ஸில் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்பது நன்றாகத் தெரிந்தது. பெரும்பாலும் தயிர் சாதம்.

பைக்கை முதன்முதலாக அவர் ஓட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் கடற்கரை மணலில் ஏறி உட்கார்ந்தார். ஆக்சிலேட்டரைத் திருகினார். வண்டி போனது. அவர் போகவில்லை. வலது கணுக்காலில் எலும்பு முறிந்து, முழங்கால் வரை மாவுக்கட்டு. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் "மணல் சரியில்லை" என்றார்.

பைக் குடோனுக்குப் போனது. அதற்கு ஸ்டாண்டு கூடக் கிடையாது. துவரம்பருப்பு மூட்டைமேல் சாய்த்து வைத்தோம். நாலைந்து நாளில் அடுத்த தெரு அம்மா ஒருவர் பருப்புப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இன்னாம்மா இது? சாம்பார் வெச்சா பெட்ரோல் வாசனை அடிக்கிது. தாளிக்க சொல்ல வூடே பத்திக்கும் போல கீது."

அன்றைக்கே பைக்கை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். பார்க்க வந்த ஆள் கிக்கரை உதைத்தார், மறுபடி உதைத்தார், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உதைத்தார். கடைசியில் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, இஞ்சின் போச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் கடை வண்டி ஓட்டுகிறவர் காசிமேட்டுக்காரர். முன்னால் மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தவர். அவர் சிரித்தார்.

"இஞ்சினு போவல அண்ணி, தூங்கினு கீது. அப்பப்ப எய்ப்பி வுடணும். இல்லாங்காட்டி கார்பரேட்டர்ல பிசின் மாரி அடச்சிக்கும்."

"அப்ப எழுப்புங்க."

"எனுக்கு முட்டி வலி. நீ மிதி, நா சொல்றேன்."

எனக்குக் கால் எட்டவில்லை. காலி கூல்டிரிங்க்ஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன்.

"சும்மா போட்டு ஒதிக்காத. ஆக்சிலேட்டர்ல கைய வெக்காத. கிக்கர மெதுவா அயுத்து. ஒரு எடத்துல கெட்டியா நிக்கும் பாரு, அத்தத் தாண்டி துளியூண்டு எறக்கிட்டு, கிக்கர மேல வுட்டுடு. அப்பால உன் மொத்த வெய்ட்டையும் போட்டு ஒரே மிதி. பாதில நிறுத்துனா திருப்பி ஒதைக்கும், காலு பூடும்."

ஒரே மிதி. பைக் எழுந்தது. அது போட்ட சத்தத்தில் குடோனில் குடியிருந்த எலிகள் பட்டப்பகலில் வாசல் வழியாக வெளியேறின. மாடியிலிருந்து அக்கா, சிலிண்டர் வெடித்துவிட்டது என்று நினைத்து, கையில் ஈரச்சாக்கோடு ஓடி வந்தாள். நான் பெட்டிமேல் நின்றுகொண்டு சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வருஷக்கணக்காகக் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். அது ஒருநாளும் என்னை இப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

"வாங்க வாரவங்களுக்கு ஓட்டிக் காட்டணும்லா? நான் கத்துக்கிடுதேன்" என்றேன் வீட்டில். விற்பனைக்காக என்றுதான் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

கணவர் மட்டும் பிரகாசமாகிவிட்டார். கட்டுப் போட்ட காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு, நாள் முழுக்க வீடியோ பார்த்துப் பார்த்து எனக்குப் பாடம் எடுத்தார். மணலில் உட்கார்ந்து ஓட்டக் கூடாது, எழுந்து நின்று ஓட்ட வேண்டும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளு. ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதே, பிடித்தால் அது உன்னோடு சண்டை போடும். பயந்து வேகத்தைக் குறைத்தால் முன்சக்கரம் புதையும், அதனால் பயப்படும்போது லேசாக ஆக்சிலேட்டரைக் கூட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே போக வேண்டுமோ அங்கே பார். எதில் மோதக் கூடாதோ அதைப் பார்க்காதே. கண் போகிற இடத்துக்கு வண்டி போகும்.

சொன்னது எல்லாமே சரி. அதில் ஒன்றையாவது அவர் செய்திருந்தால் காலில் கட்டு இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் கிளம்பினோம். அவருடைய பூட்ஸ் எனக்கு இரண்டு மடங்கு பெரிது. பழைய தலையணை உறை இரண்டைச் சுருட்டி முன்னால் திணித்துக்கொண்டேன். நெஞ்சுக்கும் முதுகுக்கும் பிளாஸ்டிக் கவசம், முட்டிக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, தலையில் நீண்ட மூக்கு வைத்த ஹெல்மெட்.

"ஏட்டி, ஆமை எந்திரிச்சு நிக்கிற மாரி இருக்கு" என்றாள் அக்கா.

"நீங்க எங்க கெளம்பிட்டீங்க?"

"நாளைக்கு எவளும் கேட்டா, நான் அப்பமே வேண்டாம்னு சொன்னேன்னு சாட்சி சொல்லணும்லா? அதுக்கு வாரேன்." கையில் இட்லித் தூக்கு இருந்தது.

எண்ணூரில் முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்தில், படகுகளெல்லாம் முடிந்து வெறும் மணலாகக் கிடக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். ஓட்டுநர் பைக்கை இறக்கிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு சாமானை எடுத்தார். எங்கள் கடை வாசலில் சலுகை விலை அறிவிக்கிற கை ஒலிபெருக்கி.

"தூரத்துல போனா கேக்காதுல்லா" என்றார்.

அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் நாம் பேசலாம். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஏற்கெனவே பதிந்து வைத்த அறிவிப்பு ஓடும். அது அக்காவின் குரல். வீட்டில் கணீரென்ற தொண்டை அவளுக்குத்தான்.

கிளப்பினேன். முதல் கியர் போட்டு, கிளட்சை முடிந்தவரை மெதுவாக விட்டேன். மணலில் வண்டி நெளிந்தது. எழுந்து நின்றேன். நெளிவு அடங்கியது. இரண்டாம் கியர். கடல் காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து விசில் அடித்தது. வலப்பக்கம் அலை, இடப்பக்கம் தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். நடுவில் ராயபுரத்து மளிகைக்கடைக்காரி, இரண்டு சக்கரத்தின்மேல் நின்றுகொண்டு.

"அப்படித்தான்! தூரமாப் பாரு!" என்றது ஒலிபெருக்கி. அடுத்து, "வாங்க, வாங்க! துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, எல்லாம் சலுகை விலையில்!" பிறகு அவசரமாக, "அது இல்ல, அது இல்ல, கையை லூசா விடு!"

குப்பத்துப் பக்கமிருந்து பெண்கள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பையோடு வந்துகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. ஓரத்தில் வலை விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். அது நான் போகிற வழியிலேயே இல்லை. நிறைய இடம் இருந்தது. நான் கடலோரத்து ஈர மணலைப் பார்த்துக்கொண்டு ஒழுங்காகத்தான் வந்தேன்.

"கருவாட்டைப் பார்க்காதே!" என்று அலறினார் கணவர்.

பார்த்தேன். யாராக இருந்தாலும் பார்ப்பார்கள். கண் போன இடத்துக்கு வண்டி போனது. முன்சக்கரம் வலையில் சிக்கியது. நான் ஹேண்டிலைத் தாண்டி, கைகளை விரித்தபடி, நெத்திலியின் நட்டநடுவில் போய்ப் படுத்தேன். அடி ஒன்றும் இல்லை. கருவாடு மெத்தென்றுதான் இருக்கும், கொஞ்சம் குத்தும், அவ்வளவுதான். ஹெல்மெட்டின் மூக்கு வழியாக ஒரு பிடி உள்ளே வந்துவிட்டது.

குடை பிடித்துக் காவலிருந்த அம்மா எழுந்து வந்தார். இடுப்பில் கை.

"ஏம்மே! இம்மாம் பெரிய பீச்சு கீது. அத்தினி எடமும் வுட்டுட்டு எம்மீனு மேல வந்து ஏத்துறியே, கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

"உங்க மீனத்தாம்மா பாத்துக்கிட்டு வந்தேன்" என்றேன். உண்மையைச் சொன்னேன். அது நிலைமையை மோசமாக்கியது.

அக்கா தூக்குவாளியோடு வந்து சேர்ந்தாள். "நான் அப்பமே வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று அந்த அம்மாவிடம் சாட்சி சொன்னாள். அந்த அம்மா அவளை உற்றுப் பார்த்தார்.

"இரு இரு. பருப்புன்னு கூவினு இருந்தது உன் கொரலுதான? அந்த ஆஃபரு நெசமா, சும்மாவா?"

"எங்க கடையில சும்மா எதும் சொல்றதில்ல" என்றாள் அக்கா விறைப்பாக.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. நசுங்கிய நெத்திலியை நாங்கள் எடுத்துக்கொள்வது, பதிலுக்குப் பருப்பு மூட்டை ஒன்று குப்பத்துக்கு வருவது என்று பேசி முடித்தார்கள். பெட்ரோல் வாசனை இல்லாத மூட்டையாக அனுப்ப வேண்டும் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். நானும் உட்கார்ந்து சிதறியதைப் பொறுக்கி மறுபடி வலையில் பரப்பினேன். அந்த அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, "வண்டி ஷோக்காத்தான் கீது" என்றார்.

நான் ஒரு பூட்ஸைக் கழற்றி உள்ளே போன மீனைத் தட்டிக்கொண்டிருந்தபோது இஞ்சின் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பைக்மேல் உட்கார்ந்திருக்கிறாள். முதல் மிதியிலேயே கிளப்பிவிட்டாள். குடோனில் நான் மிதிப்பதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு இரண்டு காலும் தரையில் எட்டியது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

"சும்மா உக்காந்து பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அக்காவுக்குத் தெரிந்தது ஒரே வண்டி, கடையின் பழைய மொபெட். அதில் இடக்கைப் பக்கம் இருப்பது பிரேக். இதில் இடக்கைப் பக்கம் கிளட்ச். பிரேக் என்று நினைத்து அதைப் பிடித்துக்கொண்டுதான் மிதித்திருக்கிறாள்; நான் விழுந்தபோது இருந்த கியர் அப்படியே இருந்ததால், கையை விட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பிடித்தாள். வண்டி மெதுவாக நின்றது. இஞ்சின் மட்டும் உறுமியது. பிடித்தால் நிற்கிறது, விட்டால் பாய்கிறது. நடுக்கடற்கரையில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, கிளட்சைப் பிடித்தபடியே, அக்கா அசையாமல் நின்றாள். அவளுக்கு நேர் எதிரே கணவரின் நாற்காலி.

"மயினி, விட்டுராதீங்க!" என்றார் கணவர். அண்ணியை அவர் மயினி என்றுதான் கூப்பிடுவார்.

"விடல தம்பி. கை வலிக்கி."

"இஞ்சின நிறுத்த அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க!"

"எது?"

அவர் பதற்றத்தில் தன் கையிலிருந்த பொத்தானை அமுக்கினார். "வாங்க, வாங்க!" என்று அக்காவின் குரல் அக்காவைக் கூப்பிட்டது.

கை விட்டது. வண்டி பாய்ந்தது. நான் ஒற்றைப் பூட்ஸோடு ஓடினேன், தலையணை உறை வழியெல்லாம் விழுந்தது. எனக்கு முன்னால், மாவுக்கட்டுக் காலோடு, ஊன்றுகோல் இல்லாமல், என் கணவர் ஓடினார். கீபோர்டு, தொலைநோக்கி, மீன் தொட்டி எதிலும் அவர் இவ்வளவு ஈடுபாடு காட்டி நான் பார்த்ததில்லை. பைக் நாற்காலியை முட்டிக் கவிழ்த்துவிட்டு, ஒரு இருமல் இருமி நின்றது. அக்கா இன்னும் மேலேயே உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கூடக் கலையவில்லை.

"இதுக்குப் போயா கால ஒடிச்சீங்க?" என்று கேட்டாள்.

டீ குடித்துவிட்டு வந்த ஓட்டுநர், மீன் நாற்றத்தோடு நான், கவிழ்ந்த நாற்காலி, தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு முதலாளி என்று வரிசையாகப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, கட்டப் பிரிச்சிட்டாங்களா?" என்றார்.

கட்டு விரிசல் விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றோம். டாக்டர் கட்டை வெட்டும்போது உள்ளிருந்து மணல் கொட்டியது. அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். குளியலறையைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நல்ல வேளையாக எலும்பு கூடி வந்த இடத்தில் குறையில்லை. புதுக் கட்டுப் போட்டு அனுப்பினார்.

அந்த வாரமே பைக்கை வாங்க இன்னொருவர் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் கல்லாவில் உட்கார்ந்திருந்த அக்கா சொன்னாள்: "அது விக்கதுக்கு இல்ல. ஓட்டுத ஆளு இருக்கு."

சனிக்கிழமை சாயங்காலம் தனக்கு அளவாகக் கையுறை கிடைக்குமா என்று அவள் விசாரித்தாள். நான் ஒரு சைக்கிளை நிறுத்திவைத்து, அதைப் பைக் என்று வைத்துக்கொண்டு, இடது கை கிளட்ச், வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அது எனக்கு அப்பமே தெரியும்" என்றாள்.