கொழுப்பு இளகும் சூடு

என் மகள் அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் படிக்கிறாள். நம் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு கொழுப்பால் ஆனதாம். அந்தச் சவ்வுதான் அவள் படிப்பு. இதைக் கேட்டதும் என் நாத்தனார், "கொழுப்பப் படிக்க அடையாறு போவணுமா? நம்ம வூட்லயே எக்கச்சக்கமா கீது," என்று அவளைக் காட்டிச் சிரித்தார். மகளும் சிரித்துவிட்டாள்.

ஆனால் போன வருஷம், பொதுமக்கள் ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்க வரும் நாளில் தமிழில் விளக்க மேடை ஏறியவள், ஒரு கேள்விக்குச் சொல் கிடைக்காமல் பாதியில் இறங்கிவிட்டாள். இந்த வருஷம் பேசவே மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. பத்தாவது வரை படித்தவள் நான். எனக்குப் புரிகிற மாதிரி சொல், அப்புறம் ஊருக்குச் சொல்லலாம் என்று பிடித்துக்கொண்டேன். கோயிலில் கற்பகாம்பாளிடமும் வேறெதையும் கேட்கவில்லை. இவள் அந்த மேடையில் கடைசிவரை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

காய் நறுக்கும்போது பாடம் நடக்கும். ஒவ்வொரு கொழுப்புத் துணுக்குக்கும் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீர் ஆகாத வால் இரண்டு. வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு அவை இரண்டு வரிசையாய் நிற்பதுதான் சவ்வு. குளிரில் வால்கள் விறைத்து நெருங்கி நிற்குமாம். ஒரு குறிப்பிட்ட சூடு வந்ததும் சட்டென்று உருகிவிடும் என்றாள்.

நான் நெய் ஜாடியை நினைத்துக்கொண்டேன். "உருகினா ஓடிடுமே. செல்லு ஒழுகிடாதா?"

"ஒழுகாதும்மா. சவ்வு சவ்வாவேதான் இருக்கும். வாலுங்க நெளியும், துணுக்குங்க வரிசைக்குள்ளயே பக்கவாட்டுல நகரும்."

"அப்ப உருகலையேடி."

கத்தியைக் கீழே வைத்து யோசித்தாள். "ஆமா. இளகுது." இறுகியிருந்தது இளகுது என்று தனக்குத்தானே இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்.

பொதுமக்கள் வரும் அந்த நாளில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அறுபத்துமூவர் உற்சவத்தில் சாமி நின்றுவிட்டால் மாடவீதியில் நாமும் இறுகி நிற்கிறோம், சாமி நகர்ந்தால் கூட்டம் இளகுகிறது, ஆனால் யாரும் வீதியை விட்டுப் போவதில்லை என்று அவள் சொன்னபோது பலர் தலையாட்டினார்கள். பிறகு ஒரு பெரியவர் எழுந்து, காய்ச்சல் வந்தால் செல்லெல்லாம் இளகிவிடுமா என்று கேட்டார். என் கைகள் தாமாகக் குவிந்தன.

"நம்ம உடம்புச் சூட்டுலயே அது பெரும்பாலும் இளகித்தாங்க இருக்கு," என்றாள். "காய்ச்சல்ல இன்னும் எவ்வளவு மாறும்னு எனக்கு முழுசா தெரியாது. தேடிட்டிருக்கோம்."

மேடையை விட்டு இறங்கவில்லை. பின்வரிசையில் கை தூக்கிய ஒரு பெண்ணைப் பார்த்து, "நீங்க கேளுங்கம்மா," என்றாள்.