அடிக்கிற மாமா

சீசனில் காந்தலூருக்கு வருகிறவர்கள் எங்கள் ஆப்பிள் தோட்டத்தையும் குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்கு என்னைப் பூச்சாண்டி ஆக்குவதைத்தான் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் அழுகிற பிள்ளைக்குக் கண்டக்டரைக் காட்டுகிறார்கள், தோட்டத்தில் என்னை. பெற்றது அவர்கள், கண்டிக்க வேண்டியது நானா?

அன்றைக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி, ஐந்து வயது மகளோடு வந்திருந்தார்கள். அப்பா செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே நடந்தார். மகள் தாழ்ந்த கிளை ஒன்றில் தொங்கி, ஆப்பிள் பிஞ்சுகளைப் பறித்துப் பறித்து எறிந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு, பறிக்காத. அந்த மாமா அடிப்பாரு" என்று அம்மா என்னைக் கைகாட்டினார்.

நான் என் பிள்ளைகளையே அடித்ததில்லை. எரிச்சலை அடக்கிக்கொண்டு, "நான் அடிக்க மாட்டேம்மா. பிஞ்சுல பறிச்சா பழம் வராதுன்னு நீங்களே புள்ளைக்குச் சொல்லுங்க" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. பயமிருந்தாத்தானுங்க கேப்பா."

அப்பா போனை என் பக்கம் திருப்பினார். "அண்ணா, சித்த முறைச்சுப் பாருங்க!"

இன்னும் நின்றால் வாயில் ஏதாவது வந்துவிடும் என்று விறுவிறுவென்று மோட்டார் ரூம் பக்கம் நடந்தேன். பின்னால் அந்தக் குழந்தையின் குரல் கேட்டது.

"அம்மா, மாமா போயிட்டாரா?"

"போயிட்டாரு கண்ணு."

மளுக்கென்று கிளை முறிந்தது.