கண்டக்டர் வாயில் வந்த வாக்கு

பியாஸ் ஆற்றின் இடக்கரைச் சாலையில் குல்லூவுக்கும் மணாலிக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் லகன் சந்த் கண்டக்டராக இருந்தார். சொந்த ஊர் நக்கருக்கு மேலே, ஷிலாட்டி. வெளியூர்க்காரர்கள் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்து வாயடைத்துப் போவார்கள். லகன் சந்துக்கு அது வேலைக்கு இடைஞ்சல். பனிமலை தெரியும் திருப்பம் வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் ஒரே பக்கம் சாய்ந்து செல்போனை நீட்டுவார்கள், உள்ளே நடக்க வழி இருக்காது. "மலை சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருக்கும். டிக்கெட்ட வாங்கிட்டுப் பாருங்க" என்பார்.

ஷிலாட்டியின் தெய்வம் நாகதேவர். எப்போது விதைப்பது, யார் வீட்டுச் சுவர் யார் நிலத்தில் நிற்கிறது, எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுத்தான் ஊர் நடந்தது. அவர் பேசுவது சாமியாடியின் வாய் வழியாக. பழைய சாமியாடி செத்துப்போனதும் தெய்வத்துக்கு வாய் இல்லாமல் போயிற்று. அடுத்த ஆளைத் தெய்வமே பிடிக்க வேண்டும், மனிதர்கள் நியமிக்க முடியாது. கேட்க ஆளில்லாமல் ஊரில் வழக்குகள் குவிந்தன. கோயில் காரியக்காரர் ஷோபே ராமின் அண்ணன் மகன் ஹுகம், ஒவ்வொரு திருவிழாவிலும் முன்வரிசையில் நின்று வேர்க்க வேர்க்க ஆடிப் பார்த்தான். ஆள் அகப்பட்டால் தூக்கியவர்களையும் மீறித் தானே அவன் பக்கம் சாய வேண்டிய தெய்வத்தின் பல்லக்கு, உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி அசையாமல் இருந்தது.

லகன் சந்துக்கு முதல் நடுக்கம் பஸ்ஸிலேயே வந்தது. ஹரிபுர் தாண்டி, காலிஃபிளவர் கூடையோடு ஏறிய ஒரு பெண்ணுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே ஆடத் தொடங்கினார். டிரைவர் தாஷி, வலிப்பு என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டி, சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தான். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ரத்தம் கொஞ்சம் குறைவு, பீட்ரூட் சாப்பிடுங்கள் என்றார். லகன் சந்த் சாப்பிட்டார். நடுக்கம் மறுபடி வந்தது.

"இது பீட்ரூட்டுக்கு அடங்கற விஷயம் இல்லைங்க" என்றாள் மனைவி ஹிம்தாசி.

அவருக்கும் சந்தேகம் இருந்தது. அதனால் சித்திரைத் திருவிழாவில் முற்றத்தின் கடைசியில், செருப்புகள் குவித்திருந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். பல்லக்கு ஹுகமைத் தாண்டியது. தூக்கியவர்களையும் இழுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்து, குனிந்து, லகன் சந்தின் நெஞ்சில் முட்டியது.

நினைவு வந்தபோது தலையில் குல்லாய் இல்லை, ஊரே கைகூப்பி நின்றது. தெய்வம் எந்த ஏரியில் பிறந்தது, எந்தக் கணவாய் வழியாக வந்தது என்ற முழு வரலாற்றையும் அவர் பிசகாமல் சொல்லி முடித்திருந்தாராம். அந்த வரலாற்றை அவர் ஒருநாளும் முழுதாகக் கேட்டவர் இல்லை. அந்தக் கட்டம் வந்தால் பீடி குடிக்க வெளியே போய்விடுவார்.

காரியக்காரர் விதிகளைச் சொன்னார். முடி வெட்டக் கூடாது. தோலால் செய்த எதையும் தொடக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. வெளியே சாப்பிடக் கூடாது.

"சாவு வீட்டுக்குப் போகாம இருந்துடலாம் மாமா. ஜகத்சுக் ஓட்டல் ஆம்லெட்டுமா கூடாது?"

"ஆம்லெட்டும்தான், கூர் ஜி" என்றார் ஷோபே ராம். சாமியாடிக்கு அங்கே கூர் என்று பெயர். நேற்றுவரை அவர் "டேய் லகனா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கூர் ஒருவர் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். விதிகள் உண்டான காலத்தில் பஸ் இல்லாததால், தடை ஒன்றும் அகப்படவில்லை. தோல்பைக்குப் பதிலாக ஹிம்தாசி கம்பளித் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். டிக்கெட் வாங்காமல் இறங்கி ஓடுகிறவர்கள் பயந்துபோய் ஒழுங்காக வாங்கத் தொடங்கியதில் முதலாளிக்குப் பரம சந்தோஷம். பெண்கள் மட்டும் மகனுக்கு வேலை கிடைக்குமா, மருமகள் திரும்பி வருவாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"சாமி கோயில்ல இருக்கார். நான் பஸ்ல இருக்கேன். எங்க போகணும், அதைச் சொல்லுங்கம்மா" என்பார் லகன் சந்த்.

அவரை உறுத்தியது வேறு. சாமி வந்து பேசுவது ஒன்றும் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. தான் என்ன சொன்னோம் என்பது ஊரிலேயே கடைசியாக அவருக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, மாவு பிசைந்துகொண்டிருக்கும் ஹிம்தாசியிடம் கேட்பார்.

"இன்னிக்கு என்ன சொன்னேன்?"

"மழை தள்ளிப் போகும்னீங்க. தோலே ராமோட சுவரைப் பின்னால தள்ளிக் கட்டச் சொன்னீங்க. நிரத்துவ நல்லா திட்டினீங்க."

"எதுக்கு?"

"அது தெரியல. ஆனா அவன் அழுதுகிட்டே ஒத்துக்கிட்டான்."

மறுநாள் பஸ்ஸில் நிரத்து ஏறினால் எந்த முகத்தோடு பார்ப்பது என்று லகன் சந்த் தவிப்பார்.

இந்த நேரத்தில்தான் ஷிலாட்டிக்குத் தார்ச்சாலை போடத் திட்டம் வந்தது. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கோயிலுக்குப் பின்னால் தேவதாருக் காட்டை வெட்டிக்கொண்டு போவது, இன்னொன்று கீழே ஆப்பிள் தோட்டங்கள் வழியாகப் போவது. காடு தெய்வத்துடையது, தோட்டங்கள் மனிதர்களுடையவை. ஆகவே மனிதர்கள் எல்லாரும் காட்டு வழியே நல்லது என்றார்கள். லகன் சந்தும் அதைத்தான் சொன்னார். கீழ் வழியில் முதலாவதாகப் போவது அவர் தோட்டம். அப்பா வைத்த மரங்கள், நல்ல காய்ப்பில் இருந்தன. அந்த வருமானத்தை நம்பித்தான் மகளைச் சிம்லாவில் படிக்க வைத்திருந்தார்.

தெய்வத்திடம் சம்மதம் கேட்பதற்கு முதல் நாள் காரியக்காரர் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் கீழே தோட்டம் உண்டு.

"நாளைக்கு சாமி நல்ல வாக்கா குடுத்தா எல்லாருக்கும் நல்லது, கூர் ஜி."

"எனக்கும் அதான் ஆசை மாமா. ஆனா நான் அங்க இருக்க மாட்டேனே."

ஷோபே ராம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, புரிந்த சிரிப்பு ஒன்றைச் சிரித்தபடி நக்கரில் இறங்கிப் போனார்.

மறுநாள் மேளம் தொடங்கியபோது, காடு வழியாக, காடு வழியாக என்று லகன் சந்த் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுக்கம் ஏறிய பிறகும் அந்த வார்த்தையை விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அப்புறம் அவருக்குத் தெரிந்தது முதுகுக்குக் கீழே குளிர்ந்த கல்தரை. யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் கலைந்து போனார்கள். காரியம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு நடந்தார்.

ஹிம்தாசி அடுப்படியில் இல்லை. தோட்டத்துக் கல்சுவரின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னேன்?"

"ஒரு தேவதாருவைத் தொட்டாலும் இந்த ஊர்ல இருக்க மாட்டேன்னு சொன்னீங்க. ரோடு கீழ வழியா போகட்டும்னு."

"கீழ எப்படி?"

"கையை நீட்டிக் காட்டினீங்க. நம்ம தோட்டத்தை."

லகன் சந்த் சுவரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். காய்கள் அப்போதுதான் சிவப்பு கட்டத் தொடங்கியிருந்தன.

"இது நம்ம தோட்டம்னு உங்க சாமிக்கு யாரும் சொல்லலையா?"

"எனக்குத் தெரியாது ஹிம்தாசி. நான் அங்க இல்ல."

"நீட்டினது உங்க கைதான். நான் பார்த்தேன்."

கூர் நடிக்கிறார் என்று ஹுகம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நடிக்கிறவன் தன் தோட்டத்தையா காட்டுவான் என்று கேட்டு அவன் வாயை அடைத்தார்கள். காரியக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வாயை நம்ப வேண்டாம், பல்லக்கையே கேட்போம் என்றார். கேட்டார்கள். பல்லக்கும் கீழ்ப்பக்கமாகவே சாய்ந்தது.

அறுவடைவரை பொறுங்கள் என்று கேட்டுப் பார்த்தும் சாலைக்காரர்கள் பொறுக்கவில்லை. மரம் வெட்ட வந்த அன்றைக்கு லகன் சந்த் லீவு போட்டார். தாஷி மட்டும் பஸ்ஸைக் கீழே நிறுத்திவிட்டு ஏறி வந்து கூட நின்றான். அவன் லாஹௌலைச் சேர்ந்த பௌத்தன், நாகதேவரோடு அவனுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மரங்கள் காயோடு விழுந்தன. ஹிம்தாசி வெட்டுகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தன் வீட்டுக்காரருக்குக் கொடுக்கவில்லை. மகளின் படிப்புக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வண்டியில் ஏற வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். அவர் என்ன சொன்னார் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. அக்கம்பக்கத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க, தான் சொன்ன வாக்கு எதுவும் தெரியாமலே நடமாடினார்.

பனி உருகிய பிறகு வந்த திருவிழாவில், யாரும் எதிர்பார்க்காதபடி ஹிம்தாசி வந்தாள். சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தவருக்கு நேரே போய் நின்று, அவர் காதருகே குனிந்து எதையோ கேட்டாளாம். அவரும் குனிந்து பதில் சொன்னாராம். மேளச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூட எதுவும் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த தாஷி சொல்லித்தான் லகன் சந்துக்கு இதுவே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தார். அக்ரூட் வைத்து அவித்த சித்து ரொட்டி தட்டில் இருந்தது. நெய்யைத் தாராளமாக விட்டிருந்தாள்.

"என்ன கேட்ட?"

"நான் சாமிகிட்ட பேசினேன். உங்ககிட்ட இல்ல."

"நான் என்ன சொன்னேன்? அதையாவது சொல்லு."

"நீங்க ஒண்ணும் சொல்லல. சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

இன்னும் சில தடவை கேட்டுப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதும் அதே யோசனைதான். அவள் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து கோயிலுக்கு வரத் தொடங்கினாள். மற்றவர்களுக்கு அவர் சொன்ன வாக்குகளை மட்டும், மாவு பிசைந்தபடி, ஒன்று விடாமல் சொல்லிவிடுவாள்.